வெயிலுமுத்து அத்தானின் இரண்டு மூலங்கள்

ஜூன் 3, திங்கள்

பைக்குக்காகத்தான். வேறு எதற்கு? பாசத்துக்கா? அம்மா கேட்டால் இதைச் சொல்ல முடியாது, அதனால் இங்கே எழுதி வைக்கிறேன். அத்தான் பத்தாவது கணக்குப் பரீட்சையில் பாஸானால் அவருடைய பழைய பைக் எனக்கு. ஒப்பந்தம் அவ்வளவுதான்.

வெயிலுமுத்து அத்தான் என் அக்கா சண்முகக்கனியின் வீட்டுக்காரர். கோவில்பட்டியில் ஒரு கேஸ் ஏஜென்சியில் வீடு வீடாகச் சிலிண்டர் போடுகிறார். மூன்றாவது மாடிக்கும் தோளில்தான் போகும். போன மாதம் இடுப்பு பிடித்துக்கொண்டது. இனிமேல் பாரம் தூக்கினால் எழுந்து நடக்க முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஏஜென்சி குடோனைப் பார்த்துக்கொள்கிறவர் வேலையை விட்டுப் போகிறார். உட்கார்ந்து பார்க்கிற வேலை. முதலாளி அதை இவருக்கே தருகிறேன் என்றிருக்கிறார். பத்தாவது சர்டிபிகேட் மட்டும் வேண்டும்.

அது இவரிடம் இல்லை. கணக்கில் மட்டும் பெயில்.

அதைவிடப் பெரிய சிக்கல், கல்யாணம் பேசும்போது "மாப்பிள்ளை பத்தாவது பாஸ்" என்று சொல்லித்தான் பெண் கேட்டார்கள். அக்காவுக்கு இன்றுவரை தெரியாது.

"கனிக்குத் தெரிஞ்சா அன்னைக்கே என்னைய மனுசனா மதிக்க மாட்டா மாப்ள. கல்யாணப் பத்திரிகை வந்தாக்கூட எழுத்துப்பிழை பாத்துட்டுத்தான் உள்ள வைப்பா."

"டியூஷன் எங்கயும் கிடைக்கலையா அத்தான்?"

"போனா ஊருக்குத் தெரியும். நீதான் வீட்ல சும்மா கெடக்கியே."

சும்மா கிடக்கிறேனாம். மொபைல் கடையில் இருந்தேன். கடலை மிட்டாய் கம்பெனியில் பேக்கிங் பார்த்தேன். ஒரே இடத்தில் உட்கார எனக்கு முடியாது, அவ்வளவுதான். இன்ஜினியரிங்கை ஒரு வருடத்தோடு விட்டதும் அதனால்தான். போரடித்தது. கணக்கு மட்டும் எனக்கு எப்போதும் வரும்.

துணைத் தேர்வு ஜூலை 2.

ஜூன் 5, புதன்

எங்கள் வீட்டு மொட்டை மாடி. தண்ணீர்த் தொட்டியின் சிமெண்டுச் சுவர்தான் கரும்பலகை. வேலை முடிந்து அத்தான் சாயங்காலம் வருகிறார். கீழே அம்மாவிடம் ஏதோ பிசினஸ் பேசுகிறோம் என்று சொல்லியாயிற்று. "நீயும் பிசினஸுமா, வெளங்கும்" என்றாள்.

வரைபடம், வடிவியல் எல்லாம் அவருக்கு ஓரளவு ஓடுகிறது. இருபடிச் சமன்பாடு வந்ததும் ஆள் சிலை. பள்ளிக்கூடத்திலும் இதில்தான் நின்றாராம்.

x² − 5x + 6 = 0 எழுதினேன். "பெருக்குனா ஆறு வரணும், கூட்டுனா அஞ்சு வரணும். அப்படி ரெண்டு நம்பர் சொல்லுங்க."

அரை நிமிடம். "ரெண்டும் மூணும்."

"அம்புட்டுதான். முடிஞ்சது."

"இதுக்காலே என்னைய பெயிலாக்குனாங்க?" என்று தொட்டியைப் பார்த்துக் கேட்டார். தொட்டி பதில் சொல்லவில்லை.

ஜூன் 6, வியாழன்

கூடப் படித்த ஃபெலிக்ஸ் மெசேஜ் போட்டிருக்கிறான். காலேஜில் ரீ-அட்மிஷன் ஜூலை கடைசி வாரம் வரைக்கும்தானாம். பழைய பட்டப்பெயரைச் சொல்லித்தான் ஆரம்பித்திருந்தான். அழித்துவிட்டேன்.

ஜூன் 9, ஞாயிறு

x² = 9 கொடுத்தேன். மூன்று என்று எழுதிவிட்டு, சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டு, கையைத் தட்டிவிட்டு, ஜெயித்தவர் மாதிரி நின்றார்.

"மைனஸ் மூணு எங்க?"

"மைனஸ் மூணு சிலிண்டர யாரு மாப்ள வாங்குவா?"

"சிலிண்டர விடுங்க அத்தான். மைனஸையும் மைனஸையும் பெருக்குனா பிளஸ்தான? ரெண்டு விடை இருக்கு. ஒன்ன எழுதுனா பாதி மார்க்கு."

"ஒரு கேள்விக்கு ஒரு விடைன்னு வச்சிருக்கலாம். எவனோ வேலையத்தவன்."

அப்புறம் புத்தகத்தைப் புரட்டியவர் நிமிர்ந்தார். "இதுல 'மூலம்'னு போட்டிருக்கு. நீ ஏன் விடை விடைங்க?"

"ரெண்டும் ஒன்னுதான்."

"பரீட்சையில மூலங்களைக் காண்கன்னு கேட்டா நான் முழிக்கணுமாக்கும். ஒழுங்கா மூலம்னே சொல்லு."

சொன்னேன். அதற்கு முன்னால் இரண்டு தடவை இருமினேன். மாடியில் தூசி அதிகம்.

ஜூன் 12, புதன்

இன்று சூத்திரம். b² − 4ac போட்டுப் பார்த்தாலே மூலங்கள் எப்படிப்பட்டவை என்று தெரிந்துவிடும், அதற்குப் பெயர் தன்மைகாட்டி என்று சொல்லிக்கொடுத்தேன். அவர் சத்தமாகச் சொன்னால்தான் மனதில் ஏறும் என்கிற ஆள். சிலிண்டர் வண்டியிலிருந்து கத்திக் கத்திப் பழகிய தொண்டை வேறு.

"மொதல்ல மூலத்தோட தன்மை என்னன்னு பாக்கணும்! அதுக்கு அப்புறம்தான் மத்தது!"

"ஆமா. உங்களுக்கு வந்திருக்குறது எப்படி?"

"எனக்கு மூலம் ரெண்டு! ரெண்டும் வேற வேற!"

"சரியாப் பாத்தீங்களா?"

"நல்லாப் பாத்துட்டேன் மாப்ள. ஒன்னு பெருசு, ஒன்னு சிறுசு!"

மாடிப்படியில் ஏதோ பாத்திரம் விழுகிற சத்தம் கேட்டது. பூனையாக இருக்கும்.

ஜூன் 13, வியாழன்

பூனை இல்லை. அம்மா.

ஜூன் 14, வெள்ளி

காலையில் அம்மா எங்கிருந்தோ ஒரு மடி துத்தி இலை பறித்துக்கொண்டு வந்து, சின்ன வெங்காயம் போட்டு விளக்கெண்ணெயில் வதக்கிக்கொண்டிருந்தாள். யாருக்கு என்றேன். "ஒங்கத்தானுக்குத்தான். பாவம், வெளிய சொல்ல முடியாம ஒங்கிட்ட வந்து பொலம்பிக்கிட்டிருக்காரு. சிலிண்டர் தூக்குற உடம்பு, மூலம் வராம என்ன செய்யும்?"

எனக்குப் புரியவே கொஞ்ச நேரம் ஆனது.

அம்மா அக்காவிடம் சொல்லியாயிற்று. அக்கா பக்கத்து வீட்டில் துத்தி கேட்டாயிற்று. அதற்கு மேல் எழுத வேண்டியதில்லை.

சாயங்காலம் அத்தானிடம் சொன்னபோது குதிப்பார் என்று நினைத்தேன். தொட்டியில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார்.

"இல்லன்னு சொன்னா, அப்ப மேல என்னதான் பேசுனீகன்னு கேப்பாளே."

"ஆமா."

"அப்ப எனக்கு மூலம்தான் மாப்ள."

ஜூன் 16, ஞாயிறு

எங்கள் வீட்டில் கோழிக்குழம்பு. அத்தான் இலையில் மட்டும் கருணைக்கிழங்கு மசியல். மூலத்துக்குக் கோழி சூடாம். அக்கா பக்கத்திலேயே உட்கார்ந்து மோர் ஊற்றினாள். அவர் என் இலையையே பார்த்துக்கொண்டு சாப்பிட்டார். நான் கோழிக்காலை வேண்டுமென்றே மெதுவாகக் கடித்தேன்.

"ஒனக்கு பைக்கு கிடையாதுல" என்று வாய்க்குள் சொன்னார்.

ஜூன் 18, செவ்வாய்

சிலிண்டர் போடுகிறவருக்கு ஊரில் தெரியாத வீடு கிடையாது. இப்போது ஊரில் அவருடைய மூலம் தெரியாத வீடு கிடையாது. ஒரு வீட்டில் பிரண்டைத் துவையல், ஒரு வீட்டில் அத்திப்பழம். மளிகைக்கடைக்காரர் "இந்த ஸ்டூல்ல ஒக்காராதீங்க, கட்டையா இருக்கும்" என்று துண்டை மடித்துப் போட்டாராம். பஜாரில் சின்னப் பயல்கள் பின்னாலிருந்து "மூலம்" என்று கூப்பிட்டுவிட்டு ஓடுகிறார்கள்.

அத்தான் இதையெல்லாம் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. காரணம் ஒன்றுமில்லை.

"எப்படி அத்தான் தாங்குறீங்க?"

"என்ன தாங்கணும்? அவனுக சொன்னா வந்துருமா?"

ஜூன் 20, வியாழன்

x² = 7x கொடுத்தேன். இரண்டு பக்கமும் x-ஐ அடித்துவிட்டு ஏழு என்று எழுதினார். எல்லோரும் விழுகிற பள்ளம் இது.

"x பூச்சியமா இருந்தா? அப்பவும் ரெண்டு பக்கமும் சமம்தான? நீங்க அடிச்சதுல அந்த மூலம் போயிருச்சு."

"பூச்சியம் ஒரு விடையா மாப்ள? அதுல என்ன இருக்கு?"

எப்படிச் சொல்வது என்று யோசிப்பதற்குள் அவரே தலையில் தட்டிக்கொண்டார். "ஏ... காலி சிலிண்டர்!"

"என்னது?"

"வீட்ல காலி சிலிண்டரத் திருப்பி வாங்காம வந்துட்டா குடோன்ல என்னையத்தான் புடிப்பான். உள்ள ஒன்னும் இல்லாட்டியும் அது சிலிண்டர்தான். கணக்குல வரணும்."

அதன் பிறகு ஒரு தடவைகூட பூச்சியத்தை விடவில்லை. ஒவ்வொரு தடவையும் "காலியையும் எடுத்துக்கோ" என்று சொல்லிக்கொண்டே எழுதுகிறார். x-ஐ வெளியே எடுத்து, x(x − 7) = 0, அழகாக.

இன்று நான் ஒன்றும் செய்யாமல் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு மணி நேரம் ஒரே இடத்தில். இப்போது எழுதும்போதுதான் தெரிகிறது.

ஜூன் 23, ஞாயிறு

வர்க்கப் பூர்த்தி முறை. x² + 6x − 16 = 0. ஒன்பதைக் கூட்டினால் (x + 3)² = 25. இரண்டு அல்லது மைனஸ் எட்டு. மூன்றாவது தடவையில் தானே போட்டார். கீழே இறங்கும்போது இடுப்பைப் பிடித்துக்கொண்டு படிப்படியாக இறங்கினார். அம்மா பார்த்துவிட்டு உச்சுக் கொட்டினாள். இடுப்பு நிஜம். அது யாருக்கும் தெரிவதில்லை.

ஜூன் 27, வியாழன்

நாசமாய்ப் போச்சு.

திருநெல்வேலிக்கு மதுரையிலிருந்து ஒரு பெரிய டாக்டர் வருகிறாராம். மூலத்துக்கென்றே. மாதத்தில் ஒரு நாள்தான். அம்மா யார் யாரையோ பிடித்து டோக்கன் வாங்கியிருக்கிறாள். ஜூலை 2, காலை.

அத்தான் மாடிக்கு வந்தார். சாக்பீஸை எடுக்கவில்லை.

"அடுத்த தடவ எழுதிக்கிறேன் மாப்ள."

"குடோன் வேலை அடுத்த தடவ வரைக்கும் காலியா இருக்குமா?"

"இருக்காது."

"இடுப்பு?"

"பாத்துக்கலாம்."

"அக்காட்ட ஒரு வார்த்த சொல்லுங்க. தீந்துச்சு."

"முடியாதுப்பா. மூலம்னு ஊரே சிரிக்கட்டும். பெயிலுன்னு அவ ஒருத்தி பாத்தா போதும், என்னால நிமிர முடியாது."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கத்தினேன். "ஒரு வார்த்தைக்குப் பயந்து யாராவது பரீட்சைய விட்டுட்டு ஓடுவாங்களா அத்தான்? வெக்கமா இல்ல?"

அவர் கோபப்படவில்லை. என்னைப் பார்த்தார். "நீ எதுக்குல ஓடி வந்த?"

இன்று பாடம் இல்லை.

ஜூன் 28, வெள்ளி

மழை தூறியது. தொட்டிச் சுவரில் எழுதியதெல்லாம் வழிந்துவிட்டது. அத்தான் வரவில்லை.

ஜூன் 29, சனி

அக்கா வீட்டுக்குப் போனேன். அத்தான் வேலைக்குப் போயிருந்தார். அக்கா தையல் மெஷினில் யாருடைய ஜாக்கெட்டோ தைத்துக்கொண்டிருந்தாள். சொல்ல மாட்டேன் என்று அத்தானுக்கு வாக்குக் கொடுத்திருந்தேன். அதை உடைத்தேன். பைக் போனால் போகட்டும்.

"அக்கா, அத்தானுக்கு மூலம் இல்ல."

"நீ பாத்தியாக்கும்?" நிமிரவே இல்லை.

"அது வேற மூலம். கணக்குல வர்றது."

மெஷின் நின்றது. "இருபடிச் சமன்பாட்டுல வருமே, அந்த மூலமா?"

தலையாட்டினேன். அவ்வளவுதான். வாயில் வைத்திருந்த குண்டூசியைத் துப்பிவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தாள். மெஷின் மேல் தலையை வைத்துக்கொண்டு சிரித்தாள். "கருணைக்கிழங்கு! ஐயோ, ரெண்டு வாரமா கருணைக்கிழங்குல!" ஜாக்கெட் கை கீழே விழுந்தது. நானும் சிரித்தேன். பிறகு அவள் மட்டும் நிறுத்தினாள்.

"அவுக எதுக்குக் கணக்கு படிக்காக?"

சொன்னேன். சர்டிபிகேட், குடோன், ஜூலை 2, எல்லாம். அக்கா கீழே விழுந்த துணியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு நீவிக்கொண்டே இருந்தாள்.

"பெயிலுங்குறது எனக்குக் கோவம் இல்லல. அஞ்சு வருசம். தெருவே சிரிக்க அதக்கூட வாங்கிக்கிட்டாக, எங்கிட்ட சொல்ல வாய் வரல. அம்புட்டுப் பொல்லாதவளால நான்?"

இல்லை என்று சொன்னேன். கொஞ்சம் என்றும் சொன்னேன். முதுகில் ஒரு அடி விழுந்தது.

கிளம்பும்போது கையைப் பிடித்தாள். "நில்லு. அந்த வார்த்தையச் சொல்லும்போது ஒன் மூஞ்சி ஏன் அப்படிப் போகுது?"

"எப்படியும் போகல."

"காலேஜ்ல என்னல நடந்துச்சு?"

சொல்லிவிட்டேன். பெரிய கதை எல்லாம் இல்லை. முதல் செமஸ்டரில் சார் போர்டில் ஒரு சமன்பாடு எழுதி, ரூட்ஸ் என்ன என்று கேட்டார். எனக்கு இங்கிலீஷில் வாய் வருவதற்கு முன்னால் தமிழ் வந்துவிட்டது. எழுந்து நின்று, "ரெண்டு மூலம் சார், ரெண்டும் மெய்" என்றேன். அறுபது பேர் சிரித்தார்கள். அன்றிலிருந்து வருடம் முழுவதும் என் பெயர் பைல்ஸ். ஹாஸ்டல் கதவில்கூட எழுதியிருந்தார்கள்.

அக்கா சிரிக்கவில்லை.

"விடை சரியா?"

"என்னது?"

"நீ சொன்ன விடை. சரியா தப்பா?"

"சரிதான்."

"அப்ப என்ன?"

துணி வெட்டிய தூசி அந்த அறையில் ரொம்ப அதிகம். கண் எரிந்தது.

ஜூலை 1, திங்கள்

டாக்டர் டோக்கனை அடுத்த மாதத்துக்கு மாற்றிவிட்டார்கள் என்று அக்கா அம்மாவிடம் சொன்னாளாம். அத்தானிடமும் அதையேதான் சொல்லியிருக்கிறாள். மூச்சு வாங்க மாடிக்கு ஓடி வந்தார். "மாப்ள, எங்கயோ சாமி இருக்குல!" நான் தொட்டியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். ஆமாம் இருக்கிறது, ஜாக்கெட் தைத்துக்கொண்டிருக்கிறது என்று சொல்ல நினைத்தேன். சொல்லவில்லை.

இருட்டும்வரை போட்டார். ஒரே ஒரு மைனஸை விட்டார். அதையும் அவரே பிடித்தார்.

ஜூலை 2, செவ்வாய்

காலையில் அக்கா வீட்டு வாசலில் நின்றேன். அத்தான் வெள்ளைச் சட்டை போட்டு, தலையைத் தண்ணீர் தொட்டுச் சீவி வெளியே வந்தார். ஏஜென்சி மீட்டிங் என்று சொல்லியிருக்கிறார். அக்கா பின்னாலேயே வந்தாள்.

"மீட்டிங்ல எழுதச் சொன்னா என்ன செய்வீக?" என்று கேட்டு, இரண்டு நீலப் பேனாவை அவருடைய சட்டைப் பையில் செருகினாள். அப்புறம் ஒரு பென்சில், ஸ்கேல்.

அத்தான் அப்படியே நின்றார். என்னைப் பார்த்தார். நான் பைக் கண்ணாடியில் மீசையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"கனி..."

"நேரமாகுது. வந்து பேசிக்கிடுவோம். மைனஸ விட்றாதீக."

பைக்கை நான்தான் ஓட்டினேன். பரீட்சை நடந்த பள்ளிக்கூடத்துக்கு எதிரே டீக்கடையில் உட்கார்ந்திருந்தேன். என் செமஸ்டர் பரீட்சையில்கூட இவ்வளவு நேரம் ஒரே இடத்தில் உட்கார்ந்தது கிடையாது.

வெளியே வந்தார். ரோட்டைத் தாண்டும்போதே கத்தினார். "மாப்ள! மெய்யான மூலம் இல்ல!"

டீக்கடையே திரும்பிப் பார்த்தது. x² + 2x + 5 = 0 கேட்டிருக்கிறான். தன்மைகாட்டி போட்டால் மைனஸ் பதினாறு. "மெய்யான மூலங்கள் இல்லை" என்று எழுதிவிட்டு, எழுதியதைப் படித்துவிட்டு ஹாலிலேயே சிரித்திருக்கிறார். மேடம் வந்து "என்ன சார், உடம்பு சரியில்லையா?" என்று கேட்டாராம்.

நேராக எங்கள் வீட்டுக்கு விடச் சொன்னார். அக்கா அங்கேதான் இருந்தாள். அம்மா வழக்கம்போல ஆரம்பித்தாள், "மூலம் இப்ப எப்படி இருக்கு மாப்பிள்ள?"

"மெய்யான மூலம் இல்ல அத்தை. கணக்குப் போட்டுப் பாத்துட்டேன்." பிறகு அக்கா பக்கம் திரும்பினார். குரல் இறங்கிவிட்டது. "நான் பத்தாவது பெயிலு கனி. இன்னைக்குத்தான் எழுதிட்டு வாரேன்."

"தெரியும். எல்லாத்துக்கும் விடை எழுதுனீகளா?"

"எழுதுனேன்."

"காலியையும் எடுத்தீகளா?"

என்னைத்தான் முறைத்தார். அம்மாவுக்கு எல்லாம் புரிவதற்கு இரண்டு தடவை விளக்க வேண்டியிருந்தது. கடைசியில் அவள் கேட்டது ஒன்றுதான். "அப்ப நான் வச்ச கருணைக்கிழங்கு?"

"அது நல்லாத்தான் இருந்துச்சு அத்தை."

இரவுக்குக் கோழி.

ஜூலை 26, வெள்ளி

ரிசல்ட். அத்தான் நம்பரை என்னிடம் கொடுத்துவிட்டுத் திரும்பி நின்றுகொண்டார். முப்பத்தைந்து எடுத்தால் பாஸ். ஐம்பத்திரண்டு. அக்கா போனைப் பிடுங்கி, பெயரில் எழுத்துப்பிழை இருக்கிறதா என்று முதலில் பார்த்தாள்.

அத்தான் பைக் சாவியைச் சட்டென்று என் கையில் வைத்தார். வாக்கை உடைத்தவனுக்கு எதற்கு என்றேன். "பைக்குக்கு ரெண்டு சாவி இருக்குல்ல மாப்ள. ஒன்னு எனக்கு."

ஜூலை 28, ஞாயிறு

ஃபெலிக்ஸுக்கு மெசேஜ் போட்டேன். நாளைக்குத்தான் கடைசி நாளாம். வீட்டிலிருந்து ஒரு பெரியவர் வந்து கையெழுத்துப் போட வேண்டுமாம். "வர்றியா டேய் பைல்ஸ்?" என்று கேட்டிருந்தான். அழிக்கவில்லை.

ஜூலை 29, திங்கள்

கையெழுத்துக்கு அத்தான்தான். அதே வெள்ளைச் சட்டை. சட்டைப் பையில் அதே இரண்டு பேனா. அம்மா வாசலில் நின்று தெருவே கேட்கும்படி "காலேஜுக்குப் போறான்" என்று மூன்று தடவை சொல்லிவிட்டாள். இது வேறு பரவப்போகிறது.

வகுப்பில் திரும்பவும் அந்தக் கேள்வி வரும். திரும்பவும் எனக்குத் தமிழ்தான் முதலில் வரும். எவனாவது சிரித்தால், ரெண்டு இருக்கு, ஒனக்கு எது வேணும்னு கேட்கப்போகிறேன். அதோடு ஹாஸ்டல் கதவில் பைல்ஸ் என்று எழுதினவனிடம்

அத்தான் ஹாரன் அடிக்கிறார். தெரு முழுவதும் வேடிக்கை பார்க்கிறது. நான் கிளம்பணும்.